வலது கன்னத்து ராஜா

ஒருவரை மூக்கும் முழியுமாக இருக்கிறார் என்றால் அழகாக இருக்கிறார் என்று பொருள். கருவாட்டுக்காரன் சிமிலோஸிடம் மூக்கும் இருந்தது, முழியும் இருந்தது. இரண்டும் கொஞ்சம் அதிகப்படியாக இருந்ததுதான் கோளாறு. மூக்கு கொக்கிபோல வளைந்து உதட்டை எட்டிப் பார்க்கும். முழிகளை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது மாதிரி இருக்கும். இது போதாதென்று மோவாய் வேறு மூக்கைச் சந்திக்கப் புறப்பட்டு மேலே வளைந்திருந்தது. கோஸ் தீவில் அவன் பிறந்தபோது பிரசவம் பார்த்தவள் குழந்தையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லாத் தெரியும்" என்று மட்டும் சொன்னாளாம். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

தீவில் அவனுக்கு நண்டு என்றே பெயர். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், நண்டும் நல்ல விலைக்குத்தானே போகிறது என்பான். இரண்டு இடத்தில் பெண் கேட்டார்கள். முதல் இடத்தில் கதவையே திறக்கவில்லை. இரண்டாவது இடத்தில் பெண்ணின் தகப்பன் நல்ல மனுஷன், "பொண்ணு சம்மதிச்சுட்டா தம்பி, ஆனா வீட்ல விளக்கே ஏத்தக் கூடாதுங்கறா" என்றான். சிமிலோஸ் அதற்கும் சிரித்துவிட்டுத்தான் வந்தான். ஆனால் அந்த மாதமே மூட்டையைக் கட்டிக்கொண்டு அலெக்சாந்திரியாவுக்குக் கப்பலேறினான்.

எகிப்துக் கடற்கரையில் யவனர்கள் கட்டிய அந்த ஊருக்கே அப்போது வயது இருபதுகூட ஆகவில்லை. தெருவில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். சொந்த ஊரில் எங்களுக்கு நாற்பது ஆலிவ் மரம் இருந்தது, எங்கள் தாத்தா குதிரை வைத்திருந்தார் என்று ஆளுக்கு ஆள் அளப்பார்கள். யார் போய்ச் சரிபார்ப்பது? சாதி, சொத்து, பழைய வழக்கு எல்லாவற்றையும் கடலில் போட்டுவிட்டு வரலாம். முகத்தை மட்டும் கூடவே கொண்டுவந்துதான் ஆகவேண்டும். வந்து இறங்கிய மூன்றாம் நாளே துறைமுகச் சந்தையில் அவனை நண்டு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இவர்களுக்கு யார் சொன்னது என்று சிமிலோஸுக்கு ஆச்சரியம்.

கருவாட்டுக் கடை நன்றாகவே நடந்தது. ஏரி மீனை உப்புப் போட்டுக் காயவைப்பதில் அவனுக்குக் கைப்பக்குவம் உண்டு. பக்கத்துக் கடை தோர்கோனுடையது. கிரீட் தீவுக்காரன், பூண்டும் வெங்காயமும் விற்பான், வாய் மட்டும் ஓயாது. எதிர்க்கடையில் தாயேசி என்ற எகிப்துக்காரி பார்லிக் கள் காய்ச்சி விற்றாள். புருஷன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. புகையில் நின்று நின்று கிட்டத்துப் பார்வை கொஞ்சம் மங்கல், ஆனால் தூரத்தில் யார் கடன் சொல்லிவிட்டு நழுவுகிறான் என்பது தெரியும். காசை அவள் முகம் பார்த்து வாங்க மாட்டாள். "உங்க ஆளுங்க காசுல கிறுக்கறது எல்லாம் எனக்கு எதுக்கு? கனம் இருக்கா, அது போதும்" என்பாள்.

தினமும் உச்சி வேளையில் அவள் ஒரு குடம் கள் கொண்டுவந்து சிமிலோஸின் பலகைமேல் வைப்பாள். அவன் ஒரு கருவாட்டைத் தாமரை இலையில் சுற்றிக் கொடுப்பான். ஐந்து வருஷமாக இதுதான் நடந்தது. குடத்தை வைத்ததும் உடனே போய்விட மாட்டாள். ஈ ஓட்டுவதுபோல் கொஞ்ச நேரம் நின்று ஊர்க்கதை பேசுவாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் சிமிலோஸ் காலையில் எழுந்திருக்கிறான் என்பது தோர்கோனுக்குத் தெரியும், சந்தைக்குத் தெரியும், கள் குடிக்க வருகிற கழுதைக்காரர்களுக்குக்கூடத் தெரியும். கேட்கத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. இரண்டு கதவு மூடியதைப் பார்த்தவன் மூன்றாவதைத் தட்டுவதற்கு யோசிக்கத்தானே செய்வான்.

அந்த வருஷம் தாயேசி ஒருநாள் குடத்தை வைத்துவிட்டு, "ஆத்து வெள்ளம் வடிஞ்சதும் என் தம்பி படகு வரும். மெம்ஃபிஸுக்கு வந்து கூடவே இருங்கறான். போயிடலாம்னு பார்க்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். சிமிலோஸ் தன்னுடைய பெரிய கண்களால் கருவாட்டையே பார்த்துக்கொண்டு, "மெம்ஃபிஸ் நல்ல ஊருதான்" என்றான்.

தோர்கோன் தலையில் அடித்துக்கொண்டான். "நல்ல ஊரா? நீ போயிருக்கியாடா அங்கே?"

வெள்ளம் வடிய இன்னும் இருபது நாள் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தங்கக் காசு வந்தது. சிரியாப் பக்கம் சண்டை போட்டுத் திரும்பிய சிப்பாய் ஒருவன் கருவாடு வாங்க வந்தான். வாயைத் திறந்து கன்னத்திலிருந்து சில்லறையை எடுத்தவன், அதோடு சேர்த்து ஒரு தங்கக் காசையும் எடுத்துவிட்டான். சில்லறையைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளாத யவனன் உண்டா? ஆனால் தங்கத்தை அங்கே வைத்துக்கொள்ள ஒரு நெஞ்சுரம் வேண்டும். அதைத் துடைத்துத் திரும்ப வாய்க்குள் போடப் போனவன் நின்றான். காசைப் பார்த்தான். கருவாட்டுக்காரனைப் பார்த்தான். சிமிலோஸ் அப்போது பின்னாலிருந்த தராசை எடுக்க முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியிருந்தான்.

"ஜீயஸ் சத்தியமா," என்றான் சிப்பாய், "நீ எப்படிய்யா இதுல ஏறினே?"

அதுவரை காசில் சாமிகள்தான் இருந்தார்கள். உயிரோடு இருக்கிற மனிதன் தன் முகத்தைக் காசில் போடுவது யாரும் கேள்விப்படாத சங்கதி. எகிப்தை ஆண்ட எங்கள் தாலமி ராஜா போட்டுவிட்டார். கொக்கி மூக்கு, வெளியே நிற்கும் முழி, மேலே வளைந்த மோவாய், தலையைச் சுற்றி ராஜாக்கள் கட்டும் துணிப்பட்டை. செதுக்கியவன் எதையும் குறைத்துக் காட்டவில்லை, ராஜாவும் குறைக்கச் சொல்லவில்லை போலிருக்கிறது. தோர்கோன் பூண்டுக் கூடையைத் தாண்டிக் குதித்து வந்து காசை வாங்கிச் சிமிலோஸின் வலது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தான். மூச்சு விடாமல் பார்த்தான்.

"டேய் நண்டு, உங்க அம்மா அரண்மனைப் பக்கம் எப்பவாவது போனாளா?"

"எங்க அம்மா கோஸை விட்டே வெளியே போனதில்லடா."

"அப்ப ராஜா வந்திருப்பாரு," என்றான் சிப்பாய். கூட்டம் சிரித்தது. சிமிலோஸும் சிரித்தான். ஆனால் அன்றைக்கு முதல்முறையாக யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனோடு சேர்ந்து சிரித்தார்கள். அந்த வித்தியாசம் அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் தலை சுற்றியது.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். சிமிலோஸ் அற்பன் இல்லை, நல்லவன். ஆனாலும் குடை பிடித்தான். காசில் ராஜா வலது கன்னத்தைத்தானே காட்டுகிறார்? மறுநாளிலிருந்து சிமிலோஸும் வலது கன்னத்தை மட்டுமே காட்டினான். தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு தலையை மட்டும் இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்வான். கன்னத்தில் ஒதுக்கும் சில்லறையை இடது பக்கமே ஒதுக்கினான், ராஜாவின் கன்னம் வீங்கித் தெரியக் கூடாதே. தராசைப் பார்க்காமல் நிறுத்ததில் சிலருக்கு அதிகம் போயிற்று, சிலருக்குக் குறைந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ராஜா கையால் கருவாடு வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ளவே ஆட்கள் வந்தார்கள். நண்டு என்ற பெயர் ஒரே வாரத்தில் செத்துப்போயிற்று.

இதெல்லாம் யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? உச்சி வேளையில் தாயேசி குடத்தோடு வரும்போது அவன் தலை இன்னும் கொஞ்சம் திரும்பும், மோவாய் இன்னும் கொஞ்சம் உயரும். இவ்வளவு நாள் வெறும் நண்டாக இருந்துகொண்டு எப்படிக் கேட்பது? இப்போது கேட்கலாம். அவளும் ஒருமுறை நன்றாகப் பார்த்து, 'அட, ராஜா' என்று சொல்லிவிட்டால் கேட்டுவிடலாம் என்று இருந்தான்.

தாயேசியோ தங்கக் காசை வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஒரு குடம் கள்ளுக்கு யார் தங்கம் கொடுப்பார்கள்? சந்தையே ராஜா ராஜா என்று கூவியபோது, கருவாட்டுக்காரருக்குப் புதுப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், நண்டுக்கு இது தேவலை என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இந்த மனுஷன் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முதல் நாள் பொறுத்தாள். இரண்டாம் நாள் பொறுத்தாள். நான்காம் நாள் குடத்தை ணங்கென்று வைத்தாள்.

"யோவ், கழுத்து பிடிச்சுக்கிச்சா?"

சிமிலோஸ் திடுக்கிட்டான். ராஜா மாதிரி இருக்கிறேன் பார் என்று ஒருத்தன் தன் வாயால் சொல்ல முடியுமா? "ஆமா," என்றான்.

"அதானே பார்த்தேன். சொல்றதுக்கு என்ன? அஞ்சு வருஷமா எதிர்லதானே இருக்கேன்?"

சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் ஒரு சட்டியில் வாத்துக் கொழுப்பைச் சுட வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவனை முக்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் அழுந்தத் தேய்த்தாள். பார்லி அரைத்து அரைத்து உரமேறிய கை. சிமிலோஸுக்கு வலியே இல்லாத கழுத்தில் வலி வந்தது, அது சொர்க்கமாகவும் இருந்தது. தோர்கோன் வெங்காயத்தை எண்ணுகிற மாதிரி பாசாங்கு செய்துகொண்டு, "எனக்கும் இடுப்பு பிடிச்சிருக்கு தாயேசி" என்றான்.

"உனக்கு வாய்தான் பிடிக்கணும். அதுக்கு மருந்து கிடையாது."

மூன்று சாயங்காலம் இப்படித் தேய்த்தாள். பொய்யை எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் சிமிலோஸ் பகலெல்லாம் தலையைத் திருப்பியே வைத்திருந்தான். இயற்கைக்கும் ஒரு பொறுமை உண்டல்லவா? ஏழாம் நாள் காலையில் எழுந்தபோது கழுத்து நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தது. தலை இடப்பக்கம் திரும்பியது திரும்பியபடி நின்றுவிட்டது. இந்தப் பக்கம் இழுத்தால் உயிர் போயிற்று. கதவைத் திறந்து வெளியே வரவே அவன் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது.

தாயேசி பார்த்ததும் முகத்தைச் சுருக்கினாள். "கொழுப்புக்கு அடங்காது இது. கட்டுத்தான் போடணும்." அன்று இருட்டியதும் ஒரு வெள்ளை லினன் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்தாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு மந்திரமாக ஏழு முடிச்சுப் போட்டாள். அதை அவன் தலையைச் சுற்றிக் கட்டி, மிச்சத்தைப் பின்னால் இரண்டு வாலாகத் தொங்கவிட்டாள்.

"மூணு அஸ்தமனம் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது, கேட்டுக்க. இடையில அவிழ்த்தா வலி கட்டினவளுக்கு வந்துடும். யார் அவிழ்த்தாலும் எனக்குத்தான். நானே அவிழ்த்தாலும் எனக்குத்தான்."

"அவிழ்க்க மாட்டேன்," என்றான் சிமிலோஸ்.

இருவரில் ஒருவருக்காவது கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். வெள்ளைத் துணிப்பட்டையைத் தலையில் கட்டிப் பின்னால் இரண்டு வால் தொங்கவிட்டால் யவனர்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் ராஜாக்களுக்குக் கிரீடம் என்று வேறு ஒன்று கிடையாது, அந்தத் துணிதான் கிரீடம். தாயேசிக்கு அது தெரியாது. அவள் ஊர் ராஜாக்கள் தலையில் பானை மாதிரி எதையோ வைத்துக்கொள்வார்கள். சிமிலோஸுக்குத் தெரியும். ஆனால் அவள் விரல் இன்னும் அவன் பிடரியில் பட்டுக்கொண்டிருந்தபோது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை கடைக்கு வந்தவனைப் பார்த்து தோர்கோனுக்கு வாய் அடைத்துவிட்டது. அது அதற்கு முன்னும் பின்னும் நடக்காத சங்கதி.

"டேய்... கழட்டுடா அதை."

"முடியாது."

"முந்தின ராஜா காலத்துல ஒரு கப்பல்காரன் ஆத்துல விழுந்த அவரோட தலைப்பட்டையை எடுத்துட்டு வரும்போது நனையாம இருக்கட்டும்னு தலையில சுத்திக்கிட்டானாம். முதுகுத் தோலை உரிச்சுட்டாங்களாம்டா. அவனுக்கு இந்த மூஞ்சிகூடக் கிடையாது. உன் மூஞ்சிக்கு அதைக் கட்டினா யாரு மீன்காரன்னு நினைப்பான்?"

"நாளன்னிக்கு அஸ்தமனம் வரைக்கும்தான்."

"நாளன்னிக்கு உனக்கு முதுகு இருக்கணுமேடா."

அவன் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிலர் சிரித்தார்கள், சிலர் விளையாட்டுக்கு மண்டியிட்டார்கள், விவரம் தெரிந்தவர்கள் மெல்ல நகர்ந்துவிட்டார்கள். பொழுது ஏறுவதற்குள் சந்தை அதிகாரி திமோன் இரண்டு சவுக்குக்காரர்களோடு வந்து நின்றார். கறாரான மனுஷர். ஈரக் கருவாட்டைக் காய்ந்தது என்று விற்றவனைச் சந்தை நடுவில் கட்டி வைத்தவர். கருவாட்டுக் கடையில் ஒருவன் ராஜா வேஷம் போடுகிறான் என்று யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். சரிபார்க்க ஒரு தங்கக் காசையும் கையோடு கொண்டுவந்திருந்தார். காசை உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிமிலோஸையும் காசையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் இருண்டது.

"தலையில என்ன?"

சிமிலோஸ் சில்லறையைக் கையில் துப்பிவிட்டு, "கட்டுங்க ஐயா. கழுத்துப் பிடிப்பு" என்றான்.

"கழுத்துக்குத் தலையில எவன்டா கட்டுப் போடுவான்? அவிழ்."

"முடியாதுங்க."

திமோன் ஒரு அடி முன்னால் வந்தார். "ராஜத் துரோகத்துக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா? போனாப் போகுது, கருவாட்டுக்காரன்னு பார்த்து இருபது சவுக்கடியோட விடறேன். இல்லே, இப்பவே அவிழ்த்துட்டுப் போ. எது வேணும்?"

"அவிழ்த்தா வலி கட்டினவளுக்குப் போயிடும் ஐயா."

"எவளுக்கு?"

சிமிலோஸின் முகம் காதுவரை சிவந்தது. அவனுக்கு அந்த மந்திரத்தில் முழு நம்பிக்கை இருந்ததா என்றால், சொல்ல முடியாது. ஆனால் இந்த வலி எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும், நேற்றிரவு முழுக்க அதோடு படுத்திருந்தான். அது தாயேசியின் கழுத்தில் உட்கார்ந்து, அவள் குனிந்து பார்லி அரைக்க முடியாமல் நிற்பதை நினைத்துப் பார்த்தான். அதை அவனால் தாங்க முடியவில்லை.

"இருபதும் அடிச்சுடுங்க ஐயா," என்றான். "முதுகுலதானே. கழுத்துல மட்டும் படாம அடிக்கச் சொல்லுங்க."

சவுக்குக்காரர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோர்கோன் அதற்குள் எதிர்ச்சாரிக்கு ஓடிவிட்டான். ஆனால் ஓடியிருக்கத் தேவையில்லை. தாயேசி மாவுக் கையோடு கூட்டத்தின் பின்வரிசையில் ஏற்கெனவே நின்றிருந்தாள். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டுவிட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சிமிலோஸுக்கும் அதிகாரிக்கும் நடுவில் நின்றாள்.

"நான்தான் கட்டினேன். என்ன தப்பு அதுல?"

திமோன் அவளுக்கு விளக்கம் சொல்கிற ஆள் இல்லை. தங்கக் காசை அவள் உள்ளங்கையில் வைத்தார். "பார். இது யாருன்னு தெரியுதா?"

தாயேசி முதலில் கையை ஏற்றி இறக்கி, "நல்ல கனம்" என்றாள். பிறகு கையை எட்ட நீட்டி, இமையை இடுக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு பரிதாபம் படர்ந்தது.

"அடப் பாவமே. இவருக்கும் கழுத்துப் பிடிச்சிருக்கு."

திமோன் காசை எட்டிப் பார்த்தார்.

"ஒரு பக்கமாவே பார்க்கறாரே, பாருங்க. கட்டும் போட்டுத்தான் இருக்காங்க. ஆனா கட்டினவளுக்குக் கை பத்தாது. ரெண்டு வால் தொங்குது, முடிச்சு எங்கே? ஏழு முடிச்சு இல்லாம இந்தப் பிடிப்பு எங்கேருந்து இறங்கும்?" காசைத் திருப்பினாள். மறுபக்கம் மின்னல் கற்றைமேல் நிற்கும் கழுகு இருந்தது. அவள் முகம் மலர்ந்தது. "வாத்தையும் போட்டிருக்காங்க. அப்ப கொழுப்பு தேய்ச்சிருக்காங்க. வைத்தியம் சரிதான், கட்டுதான் சரியில்லை."

"அது கழுகு," என்றார் திமோன். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"கழுகா? இவ்வளவு கொழுத்தா?" அவள் காசைத் திருப்பிக் கொடுத்தாள். "யாருய்யா இவரு, உங்க சொந்தக்காரரா? இங்கே அனுப்பி வைங்க. நான் கட்டி விடறேன். காசு வேண்டாம்."

திமோன் வாயை இறுக்க மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலில் சவுக்குக்காரன் ஒருவன் சிரித்துவிட்டான், பிறகு மற்றவன், பிறகு சந்தை முழுக்கச் சிரித்தது. அதிகாரி முகத்தை மேலாடையால் மூடிக்கொண்டு அழுவதுபோல் சிரித்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே தலைப்பாகையும் போகவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொன்னார். "கட்டு இருக்கட்டும், அது மருந்து. ஆனா கட்டு இருக்கறவரைக்கும் நீ சந்தையில வலது கன்னத்தைக் காட்டக் கூடாது. நேரே பார்த்தா நீ ராஜா இல்லே, கருவாட்டுக்காரன்தான். நேரே பார்."

"தலை திரும்பாதுங்களே."

"தலை திரும்பாட்டி முக்காலி திரும்பாதா?" என்றாள் தாயேசி. அவளே முக்காலியைப் பிடித்து, ஆளோடு சேர்த்துக் கால் வட்டம் திருப்பிவிட்டாள். இப்போது சிமிலோஸின் உடம்பு பக்கவாட்டில் இருந்தது, முகம் நேரே தெருவைப் பார்த்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது அவளுடைய கள்ளுக்கடை. அன்று முழுவதும், மறுநாள் முழுவதும், அதை விட்டுக் கண்ணை எடுக்க நினைத்தாலும் அவனால் முடியாது. எடுக்க நினைக்கவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் கொழுப்புச் சட்டியோடு வந்தாள். சட்டியைக் கீழே வைத்தாள். தேய்க்கவில்லை.

"தோர்கோன் எல்லாத்தையும் சொன்னான். கழுத்து எப்பய்யா பிடிச்சது, நிஜமா?"

"முதல்ல ஒரு வாரம் பொய். அப்புறம்தான் நிஜம்."

"எதுக்கு?"

"இந்தப் பக்கம் நான் ராஜா மாதிரி இருக்கேனாம். நீ பார்க்கணும்னு இருந்தேன்."

தாயேசிக்குக் கோபம் வந்தது. கண்ணும் கலங்கியது. "அஞ்சு வருஷமா நான் இந்த மூஞ்சியை நேராத்தானே பார்த்துக்கிட்டு இருக்கேன்? எனக்கு எது குறைஞ்சது? திடீர்னு நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே. மெம்ஃபிஸ் போறேன்னு சொன்னவளோட இனிமே என்ன பேச்சுன்னு நீ நினைச்சுட்டதா எண்ணிக்கிட்டேன். அப்புறம் கழுத்தாத்தான் இருக்கும்னு நானே மனசைத் தேத்திக்கிட்டேன். கழுத்தா இருக்கணும்னு ஐசிஸ்கிட்ட வேண்டிக்கிட்டேன்யா, தெரியுமா உனக்கு?"

சிமிலோஸின் பெரிய முழிகள் நிறைந்துவிட்டன. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியவில்லை. "மெம்ஃபிஸ் நல்ல ஊர் இல்லே தாயேசி," என்றான். "போகாதே. என்கூட இரு."

அவள் அவன் பின்னால் போய் நின்றாள். முதல் முடிச்சை அவிழ்த்தாள்.

"மூணு அஸ்தமனம் ஆகலையே," என்று அவன் பதறினான். "இன்னும் ஒரு நாள் இருக்கு. வலி உனக்கு வந்துடும்."

"வரட்டும்," என்றாள் தாயேசி. ஏழு முடிச்சையும் அவிழ்த்தாள்.

மறுநாள் காலையில் எதிர்க்கடையில் அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள். நிஜமாகவே பிடித்திருந்ததா, நடிப்பா என்று சந்தையில் பந்தயம் கட்டினார்கள். அவள் கடைசிவரை சொல்லவில்லை. சிமிலோஸ் வாத்துக் கொழுப்பைச் சுட வைத்துக்கொண்டு, கழுத்தை நன்றாக இருபக்கமும் ஆட்டியபடி தெருவைத் தாண்டிப் போனான். தம்பியின் படகு வந்தது, பத்துக் குடம் கள்ளும் ஒரு கூடைக் கருவாடும் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனது. யவனன் எகிப்துக்காரியைக் கட்டலாமா என்று முணுமுணுத்தவர்களும் கல்யாணத்தன்று வந்து முட்டக் குடித்தார்கள். சிமிலோஸ் வீட்டில் விளக்கு எப்போதும் ஏற்றியே இருந்தது.

முப்பது வருஷம் போயிற்று. இரண்டு பெண்களும் ஒரு பையனும் பிறந்தார்கள், மூன்று பேருக்கும் அதே மூக்கு. எங்கேயாவது யாராவது தங்கக் காசு வைத்திருந்தால் தாயேசியிடம் கொண்டுவந்து காட்டுவார்கள், அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் சரியாகலையா இவருக்கு?" என்று கேட்பதற்காகவே. பழைய ராஜா போனார். மகன் பட்டத்துக்கு வந்தார். தோர்கோனும் போய்விட்டான். செத்தவர்களை ஆறு கடத்தும் படகுக்காரனுக்குக் கூலியாக வாயில் ஒரு காசு வைத்துத்தான் அனுப்பினார்கள். அதுவாவது அந்தப் படகுக்காரனிடம் அவன் பேச்சைக் குறைக்கட்டும் என்று சிமிலோஸ் அழுதுகொண்டே சொன்னான்.

ஒருநாள் சிமிலோஸின் பையன் ஒரு புதுத் தங்கக் காசைக் கைமாற்றாக வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். இப்போது காசில் ராஜா தனியாக இல்லை. ஒரு பக்கம் புது ராஜாவும் ராணியும். மறுபக்கம் பழைய ராஜா, அதே மூக்கு, அதே முழி, அவர் தோளோடு தோளாக அவர் மனைவி. நான்கு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாயேசிக்குக் கண் இப்போது பாதிதான் தெரியும். காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிமிலோஸ் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொல்லப்போகிற வேடிக்கைக்காகச் சிரிக்கத் தயாராக இருந்தான்.

அவள் பழைய ராஜாவின் மனைவியுடைய திரும்பிய கழுத்தை விரலால் தடவினாள்.

"பார்த்தியா," என்றாள், "மூணு அஸ்தமனம் ஆகறதுக்குள்ள இவளும் அவிழ்த்துட்டா."